நீரூற்று: கண்ணுக்கு மட்டும்தானா, வேறு பயன் உண்டா?

முற்றம் கேட்டது:

வணக்கம். எங்கள் அலுவலகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. நடுவில் ஒரு திறந்த முற்றம், சுமார் 8 மீட்டருக்கு 6 மீட்டர். அங்கே ஒரு நீரூற்று வைக்க வேண்டும் என்று மேலதிகாரிக்கு ஆசை. கணக்குப் பிரிவில் இருப்பவர் "தண்ணீரும் கரண்டும் தண்டம்" என்கிறார். இன்னொருவர் "முற்றமே ஏசி போட்ட மாதிரி ஆகிவிடும்" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள்.

முற்றத்தின் ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறை. எதிர்ப்பக்கம் மதில், மதிலுக்கு அப்பால் பெரிய சாலை, ஓயாத ஹார்ன் சத்தம். அந்தக் காலத்தில் எதற்காக ஊற்று வைத்தார்கள், இன்றைக்கு அதனால் உண்மையில் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று தெரிந்தவர்கள் சொன்னால் குறிப்பை முடித்துவிடுவேன். படம் பார்த்து மயங்கியவர்களைவிட, பராமரித்துக் கை காய்த்தவர்கள் பேசினால் நல்லது.

குழாய்க்காரர் எழுதியது:

தம்பி, பம்பு, குழாய், தொட்டி இதுதான் என் பிழைப்பு. புதிதாக ஊற்று அமைத்துக் கொடுப்பதைவிட, அடைத்துக்கொண்ட ஊற்றைத் திறந்துவிடத்தான் என்னை அதிகம் கூப்பிடுவார்கள். அதனால் அழகைப் பற்றிப் பேச எனக்கு அருகதை கிடையாது. குழாயைப் பற்றிப் பேசுகிறேன்.

பழைய ஊற்றுகளில் பெரும்பாலானவை ஊருக்குள் வந்த குடிநீர்க் குழாயின் கடைசி முனைகள். ரோம் நகரத்துக்கு வெகுதூரத்திலிருந்து கால்வாய்களில் தண்ணீர் வந்தது, மொத்தம் 11 கால்வாய்கள். எல்லாம் சரிவிலேயே ஓடி வந்தவை. சரிவில் வரும் தண்ணீரை ராத்திரி ஆனதும் மூடி வைக்க முடியாது, வந்துகொண்டே இருக்கும். தெருத்தொட்டிகளில் விட்டார்கள். ஜனங்கள் பிடித்துக்கொண்டது போக வழிந்தது சாக்கடையை அடித்துக்கொண்டு போனது. கி.பி. 97இல் அந்த நகரத்தின் நீர்வழங்கல் பொறுப்புக்கு வந்த ஃபிரான்டினஸ், வழியும் தண்ணீர் ஊரின் சுகாதாரத்துக்கும் சாக்கடை கழுவவும் அவசியம் என்று எழுதியே வைத்திருக்கிறார். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது வேறு பகுதி. குழாயில் திருட்டு ஓட்டை போட்டவர்கள், முத்திரை குத்தாத பெரிய முனையை மாட்டிக் கூடுதலாக இழுத்தவர்கள் என்று பக்கம் பக்கமாகப் புலம்பியிருப்பார். ஈராயிரம் வருஷமாகியும் எங்கள் தொழிலில் எதுவும் மாறவில்லை!

பழைய ரோமானிய ஊரான பொம்பெயி நகரத்தில் இப்படிச் சுமார் 40 தெருத்தொட்டிகள் இருந்தன. குனிந்து தண்ணீர் பிடித்தவர்கள் கை ஊன்றிய இடத்தில் கல் வழவழவென்று தேய்ந்து குழிந்திருக்கும். ஊர் சரிவில் இருப்பதால் கீழ்த்தெருவில் அழுத்தம் எகிறும். அதைக் குறைக்க அங்கங்கே தூண் எழுப்பி, உச்சியில் ஈயத்தொட்டி வைத்து, தண்ணீரை மேலே ஏற்றி மறுபடி இறக்கினார்கள். இன்றைக்கு நாங்கள் வால்வு போட்டுச் செய்வதை அவர்கள் தொட்டி வைத்துச் செய்தார்கள், அவ்வளவுதான். ரோமில் எல்லாரும் காசு போடும் ட்ரெவி ஊற்றுகூட கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாயின் முனையில்தான் நிற்கிறது. சிலைகளும் முகப்பும் 1732இல் ஆரம்பித்து 1762இல் முடிந்தவை. தண்ணீர் முதலில் வந்தது, அலங்காரம் பதினேழு நூற்றாண்டு கழித்து.

அடுத்தது உயரம். பம்பு இல்லாத காலத்தில் தண்ணீர் எப்படி எழும்பியது என்று கேட்பார்கள். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்துக்கு மறுபடி எழப் பார்க்கும். குழாயின் உராய்வும் காற்றும் கொஞ்சம் தின்றுவிடும். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஜெயித்தார்கள். ரஷ்யாவின் பீட்டர்ஹாஃப் தோட்டத்துக்கு 1721இல் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளியுள்ள மேட்டு ஊற்றுகளிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். இன்றுவரை அங்கே பம்பு கிடையாது. சாம்சன் சிலையில் தண்ணீர் 20 மீட்டர் எழுகிறது.

பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் இதற்கு நேர் எதிர்க்கதை. இடம் மேட்டில், தண்ணீர் பள்ளத்தில். 1684இல் செயின் ஆற்றில் 14 பெரிய சக்கரங்கள், 200க்கு மேல் பம்புகள் வைத்து, தண்ணீரை 160 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். மார்லி இயந்திரம் என்று பெயர். அதன் இரைச்சல் அக்கம்பக்கத்தாரைத் தூங்க விடவில்லை. அத்தனை செய்தும் தண்ணீர் போதவில்லை. பதினான்காம் லூயி தோட்டத்தில் நடந்து வரும்போது ஊற்றுக்காரர்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துக்கொள்வார்கள். ராஜா நெருங்கும் ஊற்றைத் திறப்பார்கள், தாண்டியதும் மூடுவார்கள். எங்களுக்கும் பெரிய மனிதர்கள் பார்வையிட வரும் அன்றைக்கு மட்டும் "ஓட விடுங்கள்" என்று போன் வரும், கதை அதேதான்.

தாஜ்மகாலில் ஒரு நல்ல வேலைப்பாடு உண்டு. ஒரே குழாயில் வரிசையாக ஊற்று வைத்தால் முதல் ஊற்று துள்ளும், கடைசி ஊற்று அழும். அங்கே ஒவ்வொரு ஊற்றுக்கும் அடியில் ஒரு செம்புப் பாத்திரம் வைத்தார்கள். பாத்திரங்கள் நிறைந்த பிறகுதான் தண்ணீர் மேலே எழும், அதனால் எல்லா ஊற்றும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் வரும். எருதுகளைப் பூட்டித் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிய காலம் அது. இன்று ஒவ்வொரு நாசிலுக்கும், அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனைக்கும், ஒரு குட்டி வால்வு வைத்து நாங்கள் மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெனீவாவின் ஏரி ஊற்று. 1886இல் அங்கே அழுத்த நீரைக் குழாயில் அனுப்பிப் பட்டறை இயந்திரங்களை ஓட்டினார்கள். சாயங்காலம் பட்டறைகள் மூடியதும் குழாயில் அழுத்தம் ஏறி ஆபத்தாகும். அதை வெளியேற்ற ஒரு திறப்பு வைத்தார்கள், தண்ணீர் 30 மீட்டர் பீய்ச்சியது. ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். 1891இல் அதை ஏரிக்கரைக்கு இடம் மாற்றி அலங்கார ஊற்றாகவே ஆக்கிவிட்டார்கள். இப்போது வினாடிக்கு 500 லிட்டர், 140 மீட்டர் உயரம். பாதுகாப்பு வால்வாகப் பிறந்த சாமான் அது.

ஆக, ஊற்றுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருந்தது. மின்சார மோட்டார் மலிவானதும்தான் அதே தண்ணீரைச் சும்மா சுற்றவிடும் ஊற்று பெருகியது. அதனால் உங்கள் குறிப்பில் வடிவத்தை முதலில் எழுதாதீர்கள். உங்கள் முற்றத்தில் அதற்கு என்ன வேலை என்று எழுதுங்கள். குளிர்ச்சியா, சத்தமா, மீன் வளர்ப்பா? வேலை தெரிந்தால் வடிவம், பம்பு, தொட்டி எல்லாம் தானாக வந்துவிடும்.

காய்ந்ததொட்டி எழுதியது:

அண்ணன் சரித்திரம் நன்றாகச் சொல்கிறார். நடப்பை நான் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பளிங்கில் ஒரு ஊற்று இருந்தது. திறப்பு விழாவில் ஓடியது. அப்புறம் மோட்டார் போனது, மாற்றுவதற்கு யார் கையெழுத்துப் போடுவது என்று தகராறு. மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு. கடைசியில் மண் நிரப்பிச் செடி வைத்தார்கள். செடி நன்றாக வந்தது. அந்தக் காசுக்கு முதலிலேயே மரம் நடலாம் என்பது என் கட்சி.

முற்றம் எழுதியது:

குழாய்க்காரர் அண்ணா, மிக்க நன்றி. காய்ந்ததொட்டி சொன்னதையும் குறிப்பில் சேர்க்கிறேன், எங்கள் அலுவலகத்திலும் கையெழுத்துத் தகராறு வராமல் இருக்காது.

வேலை என்று யோசித்தால் இரண்டுதான் தோன்றுகிறது. ஒன்று சாலைச் சத்தம். இரண்டு வெயில் காலத்து வெக்கை. எங்கள் பக்கம் கோடை வறண்டுதான் இருக்கும். மழை முடிந்த மாதங்களில் புழுக்கம். இந்த இரண்டுக்கும் ஒரே ஊற்று உதவுமா?

குழாய்க்காரர் எழுதியது:

உதவும். ஆனால் எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குளிர்ச்சி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றிலுமிருந்து கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மணிக்கு 5 லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய ஒரு டன் ஏசி அகற்றும் வெப்பத்துக்குச் சமம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஏசி மூடிய அறையில் வேலை செய்கிறது, உங்கள் முற்றத்துக்கு மேலே ஆகாயம்தான் கூரை. குளிர்ந்த காற்றைக் காற்றே தூக்கிக்கொண்டு போய்விடும். ஊற்றுக்குப் பக்கத்தில், காற்று வீசும் திசையில் உட்கார்ந்தவருக்கு இதமாக இருக்கும். இரண்டாம் மாடிக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஆவியாதலால் காற்று 23 டிகிரி வரைக்கும்கூட இறங்க இடமிருக்கிறது. 32 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 29க்குக் கீழே போகவே போகாது. உங்கள் புழுக்க மாதங்களில் ஊற்றை ஓட்டினால் குளிர்ச்சி கிடைக்காது, புழுக்கம்தான் கொஞ்சம் கூடும். அந்த மாதங்களில் சத்தத்துக்காக மட்டும் ஓட்டுங்கள்.

வறண்ட தேசத்து ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். இத்தாலியின் பாலெர்மோவில் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸீஸா அரண்மனையில், சுவர் ஓரமாகச் சரிந்த பளிங்குப் பலகை ஒன்று இருக்கும், அதில் மடிப்பு மடிப்பாகக் கோலம் செதுக்கியிருக்கும். தண்ணீர் அந்த மடிப்புகளில் தடுக்கித் தடுக்கி மெல்லிய படலமாக இறங்கி, தரையில் வாய்க்காலாக ஓடும். பீய்ச்சலே இல்லை. தண்ணீருக்கும் காற்றுக்கும் தொடு பரப்பு அதிகம், தெறித்து வீணாவது குறைவு. ஸ்பெயினின் அல்ஹாம்ப்ரா அரண்மனையில் 12 சிங்கங்கள் நிற்கும் முற்றத்திலும் பார்த்தால், நான்கு பக்க வாய்க்கால்கள் அறைகளுக்குள்ளேயே போகும். தண்ணீரை மனிதன் உட்காரும் இடத்துக்குக் கொண்டு போனார்கள்.

அடுத்தது சத்தம். ஊற்று சாலைச் சத்தத்தைக் குறைக்காது, மறைக்கும். டெசிபல் மீட்டர் வைத்தால் ஊற்று ஓடும்போது எண் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் காது ஹார்னை விட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஊற்றைச் சாலை மதில் ஓரத்தில் வைக்கக் கூடாது, எல்லாரும் செய்யும் தப்பு அதுதான். கேட்பவர் பக்கத்தில் வையுங்கள், அதாவது கூட்ட அறைக் கண்ணாடிக்கும் பெஞ்சுக்கும் அருகில். இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் சுல்தான் மூன்றாம் முராதின் அறைக்குள்ளேயே ஊற்று உண்டு. உள்ளே பேசுவது வெளியே ஒட்டுக்கேட்பவர் காதில் விழாமல் இருக்கத்தான் என்று சொல்வார்கள். உங்கள் கூட்ட அறைக்கும் அந்த வசதி தேவைப்படலாம்!

சத்தத்தின் ரகம் விழும் உயரத்தையும் விழும் இடத்தையும் பொறுத்தது. மெல்லிய தாரை கல்லில் விழுந்தால் சளசளவென்று மேல்ஸ்தாயி. அது அரைமணி நேரத்தில் எரிச்சல் ஊட்டும், கழிவறை ஞாபகமும் வரும். அகலமான படலம் ஆழமான தண்ணீரில் விழுந்தால் கனத்த சத்தம். லாரி உறுமலை மறைக்க அந்தக் கனம் வேண்டும். காற்றுக் கலந்து நுரையாக எழும் நாசில் ஒன்று உண்டு, உயரம் குறைவு, சத்தம் நல்லது, லேசான காற்றுக்கும் அசையாது. உங்களுக்கு அதையும், மடிப்புப் போட்ட ஒரு சரிவுப் பலகையையும் சேர்த்து யோசிக்கச் சொல்வேன்.

உயரம் பற்றி ஒரே விதி. தொட்டியின் அகலத்தில் பாதிக்கு மேல் தாரை எழக் கூடாது. 3 மீட்டர் தொட்டி என்றால் ஒன்றரை மீட்டர்தான் மேல்வரம்பு, காற்று சுழலும் முற்றத்தில் ஒரு மீட்டரோடு நிறுத்துங்கள். மீறினால் தரை ஈரமாகிப் பாசி படிந்து, யாராவது வழுக்கி விழுவார்.

பம்பு வாங்கும்போது பெட்டியில் "ஹெட் 2 மீட்டர்" என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். தண்ணீர் அங்கே போய் நின்றுவிடும். உங்களுக்கு வேண்டிய உயரத்தில் எத்தனை லிட்டர் தருகிறது என்று அட்டவணையைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கரண்டுச் செலவுக்குக் கணக்குப் பிரிவு பயப்பட வேண்டாம். 60 வாட் பம்பு பத்து மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். தண்ணீரும் அதே தண்ணீர்தான் சுற்றுகிறது, ஆவியானதையும் தெறித்ததையும் மட்டும் ஈடு கட்டினால் போதும். உண்மையான செலவு ஆள் கூலி.

அது ஏன் என்று ஒரு நாசிலைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். 4 மில்லிமீட்டர் துளை. உப்புத் தண்ணீராக இருந்தால் துளையின் விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு வளையம் கட்டும். முதலில் ஒரு பக்கம் மட்டும் கடுகளவு. உடனே தாரை அந்தப் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் சாயும், தொட்டிக்கு வெளியே தெறிக்க ஆரம்பிக்கும். தொட்டி மட்டம் இறங்கும். பம்பு காற்றை இழுக்கும், "கர்ர்" என்று ஒரு சத்தம், அன்று ராத்திரியே மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். பார்க்கிறவர் "மட்டமான மோட்டார்" என்று திட்டுவார். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். கம்பியை விட்டுக் குடையாதீர்கள், துளை கோணலாகிவிடும்.

மட்டம் இறங்கினால் தானாக நிற்க ஒரு மிதவை சுவிட்சும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு சுவிட்சும் இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீருக்குள் கரண்டு, குழந்தைகள் கை வைக்கும் இடம்.

காய்ந்ததொட்டிக்கு: மரம் நடுவது பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இலை உதிரும் மரத்தைத் தொட்டிக்கு மேலே நட்டால் வாரா வாரம் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கிருமிக்கண் எழுதியது:

மருத்துவமனையில் தொற்றுத்தடுப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அண்ணன் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது 25 முதல் 45 டிகிரி வரை, லீஜியோனெல்லா என்ற கிருமிக்கு ரொம்பப் பிடித்த இடம். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நுண்துளியாகக் காற்றில் கலந்து மூச்சில் போனால் நிமோனியா. 2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் இருந்த நீர்ச்சுவரால் 8 பேருக்கு இந்த நோய் வந்தது. அந்தச் சுவரை வழக்கமாகச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். வெளியே பளபளவென்று இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

திறந்த முற்றத்தில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள் சூடாகும் விளக்கு வேண்டாம். பனி போலப் புகையும் மிஸ்ட் நாசில் வேண்டவே வேண்டாம். குளோரின் அளவைப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். சில நாள் நிறுத்தி வைத்திருந்தால், தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவிய பிறகே ஓட விடுங்கள். அறைக்குள் ஊற்று வைக்க வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் என் பதிவைக் காட்டுங்கள்.

குழாய்க்காரர் எழுதியது:

தங்கச்சி சொல்வது நூறு சதவீதம் சரி. நான் நுரை நாசில் சொன்னதும் அதனால்தான், துளி பெரிதாக இருக்கும், மிஸ்ட் மாதிரி மிதக்காது. சரித்திரத்திலும் ஊற்றும் சுகாதாரமும் சேர்ந்தே வரும். 1859இல் லண்டனில் பொதுக் குடிநீர் ஊற்றுகள் வைக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள், காலராவுக்குப் பிறகு சுத்தமான தண்ணீர் ஏழைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று. பாரிஸில் 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் தன் காசில் வைத்த பச்சை இரும்பு ஊற்றுகளில் இன்னும் குடிக்கிறார்கள்.

மீன்குட்டை எழுதியது:

ஒரு குறுக்குச் செய்தி. தொட்டியில் மீன் விடும் யோசனை இருந்தால் குளோரின் போட முடியாது, மேலே சொன்ன பாதி மாறிவிடும். இன்னொன்று, மீன் இருந்தால் ராத்திரி ஊற்றை நிறுத்தாதீர்கள். பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜன் தரும், இருட்டியதும் அவையும் இழுக்க ஆரம்பிக்கும். விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம். எல்லாரும் கரண்டு மிச்சம் என்று அந்த நேரத்தில்தான் அணைக்கிறார்கள்.

முற்றம் எழுதியது:

மீன் வேண்டாம் என்று முடிவு. கூட்ட அறை ஓரமாக, 3 மீட்டர் அகலத் தொட்டி, சரிவுப் பலகை ஒன்று, நுரை நாசில் மூன்று, உயரம் ஒரு மீட்டருக்குள் என்று எழுதியிருக்கிறேன். குளோரின் பார்ப்பவர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன், அதைத்தான் யாரும் நிரப்ப முன்வரவில்லை. அண்ணா, கடைசியாக ஒன்று. மூன்று நாசிலும் ஒரே குழாயிலா, தனித்தனியா?

குழாய்க்காரர் எழுதியது:

ஒரே குழாய், ஆனால் வரிசையாக இழுக்காமல் வளையமாகச் சுற்றிப் போடுங்கள், இரண்டு பக்கமிருந்தும் அழுத்தம் வரும். ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே ஒரு வால்வு, கை விட்டுத் திருப்பும் அளவுக்கு இடம் விட்டு. பளிங்கு ஒட்டுகிறவர் அந்த இடத்தையும் சேர்த்து மூடப் பார்ப்பார், அன்றைக்கு நீங்கள் அங்கே நில்லுங்கள்.